ஆண்டீஸ் சரிவில் ஒரு குளிர்நாட்டுத் திராட்சை

பிரான்ஸ் தேசத்துப் பர்கண்டிப் பிரதேசத்தில், 47 பாகை வடக்கில், மென்மையான வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் பழகிப் பல நூற்றாண்டுகளாகப் பேணப்பட்டு வந்த பினோ நுவார் என்னும் கருந்திராட்சை, அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில், 33 பாகை தெற்கில், ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவே மழை காணும் பாலைநிலத்தில் வேரூன்றி நல்ல செவ்வொயின் தருகிறது என்றால், அது இயற்கைக்கு விரோதம் என்றே முதலில் தோன்றும். ஆனால் அந்த நிலம் ஆண்டீஸ் பர்வதத்தின் சரிவில் இருக்கிறது என்பதை அறிந்தால் வியப்புத் தணிந்துவிடும்.

பினோ நுவார் எளிதில் வசப்படும் ஜாதியன்று. சீக்கிரம் துளிர்ப்பதால் பின்பனிக்கு இரையாகும். மெல்லிய தோலும், நெருக்கிக் கட்டிய கதம்பம்போன்ற குலையும் உடையதால் மழைக்காலத்தில் அழுகிவிடும். உஷ்ணம் மிகுந்த இடத்திலோ, நறுமணம் முதிர்வதற்கு முன்பே சர்க்கரை ஏறிப் புளிப்பு வடிந்து போய், சாரமற்ற மதுவாக முடியும். இத்தனை தொல்லை இருந்தும், பர்கண்டியின் கோமகன் பிலிப், விளைச்சல் மிகுந்த கமே என்னும் வேறு திராட்சையின் கொடிகளைப் பிடுங்கி எறியுமாறு 1395-இல் ஆணையிட்டது, பினோவின் பெருமையைக் காக்க வேண்டும் என்ற கருத்தினால்தான்.

சமுத்திர மட்டத்திலிருந்து நூறு மீட்டர் ஏறினால் உஷ்ணம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். மெண்டோசா நகரம் சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்க, ஊகோ பள்ளத்தாக்கின் குவால்டாயாரி வட்டாரத்துத் தோட்டங்களோ 1,500 மீட்டரை எட்டுகின்றன. பர்கண்டியைவிட நிலநடுக்கோட்டுக்கு அருகே இருந்துகொண்டே துருவத்தை நோக்கி நெடுந்தூரம் சென்ற பலனை அந்த ஏற்றமே தந்துவிடுகிறது. திராட்சை பழுக்குமா என்று சந்தேகிக்கப்பட்ட அந்தக் குளிர்ந்த மேட்டில், 1992-இல் ஒயின் தயாரிப்பாளர் நிக்கோலஸ் கேட்டனா துணிந்து ஏட்ரியானா என்ற தோட்டத்தை நட்டார். இன்று அவ்வட்டாரத்தின் பினோ நுவாருக்கென்றே அவருடைய மகள் லாரா தனி ஒயின் நிலையம் நடத்துகிறார்.

இவ்விஷயத்தில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது, குளிர் மட்டும் அன்று, குளிரும் ஒளியும் அங்கே கூடுகின்ற விதமே. பர்கண்டியில் குளிரோடு மேகமும் சேர்ந்து வரும். மலையிலோ வானம் தெளிந்திருக்க, ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவிகிதம் வீதம் புற ஊதாக் கிரணங்களும் பெருகுகின்றன. ஒரு பினோ பழத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், உள்ளே சதை வெளிறியே இருக்கும். வர்ணம் முழுவதும் தோலில்தான் தங்கியிருக்கிறது. சாற்றைத் தோலோடு நொதிக்க விட்டால்தான் ஒயின் சிவக்கும். கடும் ஒளியிலிருந்து விதையைக் காக்க வேண்டிக் கொடி அத்தோலைத் தடிக்கச் செய்து, வர்ணப் பொருள்களையும் துவர்ப்புத் தரும் டானின்களையும் அதில் மிகுதியாகச் சேர்க்கிறது. பகல் முடிந்ததும் உஷ்ணம் குறைந்தது 15 டிகிரியாவது வீழ்வதால், இரவில் கொடி புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்கிறது. ஆகவே அடர்ந்த நிறமும் கூர்மையான புளிப்பும் ஒரே பழத்தில் வாய்க்கின்றன.

நிலமும் துணை புரிகிறது. அங்கே தோண்டி எடுக்கும் உருளைக்கற்களின்மேல் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருக்கக் காணலாம். தண்ணீர் மலைப்பனி உருகி வருவது. மெண்டோசாவில் அதை வாய்க்கால்களால் வயலுக்குக் கொணரும் முறை, ஸ்பானியர் வருமுன்னரே ஹுவார்ப்பே பூர்வகுடியினர் கையாண்டது. ஆலங்கட்டி மழையோ பெரும் பகை; அதற்கு அஞ்சிக் கொடிவரிசைகளின்மேல் வலை போர்த்துகிறார்கள்.

இன்னும் வடக்கே, சால்டா மாகாணத்தில், கொலோமே நிறுவனத்தார் 3,111 மீட்டர் உயரத்திலும் இதே திராட்சையை வளர்க்கிறார்கள். இவ்வொயின்களைப் பர்கண்டியின் பிரதி என்று எடைபோடுவது நியாயமன்று. பர்கண்டிக்கு ஒருநாளும் கிட்டாத வெளிச்சத்தில் விளைந்தவை அவை. அந்த வெளிச்சத்தைக் கொண்டே அவற்றை மதிப்பிட வேண்டும்.