அவசர உணவும் அடுப்படியும்

மாலை வேளையில் தெல்தெனிய நகரின் கடைத்தெரு வழியே நடப்பவர், கண்ணை மூடிக்கொண்டாலும் கொத்து ரொட்டிக் கடை எங்கே இருக்கிறதென்று சொல்லிவிடுவர். சூடேறிய இரும்புத் தட்டின் மீது இரு தகடுகள் மாறி மாறி விழுந்து எழுப்பும் தாள ஓசையே அக்கடையின் விளம்பரம். பழைய தெல்தெனிய 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தபோது அங்கிருந்த தேநீர்க் கடைகளும் மறைந்தன. ஆனால் வழிப்போக்கனின் அவசரப் பசி மட்டும் மேட்டு நிலத்துப் புதிய நகருக்கும் கூடவே குடிபெயர்ந்து வந்துவிட்டது.

அவசர உணவு ஒரு பெருந்தொழிலாக உருப்பெற்ற இடம் அமெரிக்கா. 1921இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் ‘வைட் காசில்’ என்னும் கடை, ஐந்து சதத்துக்கு இறைச்சி வைத்த பணிஸ் விற்கத் தொடங்கியது. 1948இல் கலிபோர்னியாவில் மக்டொனால்ட் சகோதரர் இருவர் தம் உணவகத்தைச் சில காலம் மூடி, அதன் முறையையே மாற்றி அமைத்தனர். பரிமாறுவோரை நீக்கினர்; கழுவ வேண்டிய தட்டுகளை அகற்றினர்; உணவு வகைகளைக் குறைத்தனர். ஒருவர் இறைச்சி சுடுவதும், மற்றொருவர் பொதி கட்டுவதுமாக, தொழிற்சாலையின் வேலைப் பிரிவினையைச் சமையலறைக்குள் கொண்டுவந்தனர். நமது நாட்டில் இத்தகைய அந்நிய நிறுவனங்கள் 1990களில் காலூன்றின. ‘பீட்சா ஹட்’, ‘கே.எஃப்.சி.’ என்னும் பெயர்களைக் கண்டி மாநகரத்துச் சிறுவரும் இன்று நன்கறிவர்.

ஆயினும், அவசர உணவு அந்நியர் நமக்குக் கற்பித்த பழக்கம் என்று மட்டும் கூறிவிடுதல் பொருந்துமா? றங்கலைப் பகுதித் தேயிலை மலைகளைச் சற்றே நோக்குவோம். விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைக் கவனித்து, பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுக்க வேண்டிய தாய்க்குச் சமைக்க நேரம் ஏது? கோதுமை மாவுடன் தேங்காய்த் துருவலைப் பிசைந்து, கல்லில் தட்டிச் சுட்டு, சம்பலுடன் துணியில் முடிந்து எடுத்துச் சென்றாள். லயத்து அடுப்பில் வெந்த அந்த ரொட்டியே மலையகத்தின் முதல் அவசர உணவு எனலாம். அதனைப் பிறப்பித்தது நாவின் ஆசையன்று, கடிகாரத்தின் கட்டளை.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. எனினும் சோறுண்ணும் நமது மக்கள் பாணுக்கும் ரொட்டிக்கும் பழகியதற்கு உலக அரசியலும் ஒரு காரணமாகும். 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கா, தன் மிகை விளைச்சலைச் சலுகை முறையில் பிற நாடுகளுக்கு வழங்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. அவ்வழியே இலங்கைக்கும் கோதுமை மா வந்து சேர்ந்தது. 1980இல் திருகோணமலையில் பிரீமா மாவாலை இயங்கத் தொடங்கியது. மா எங்கும் கிடைத்தது, பேக்கரிகள் பெருகின, மீன் பணிஸும் ரோல்ஸும் கண்ணாடிப் பெட்டிகளை நிறைத்தன.

கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களின் கைவண்ணத்தில் தோன்றியதெனக் கூறப்படும் கொத்து ரொட்டியும் இம்மாவின் வழித்தோன்றலே. வீச்சு ரொட்டியை நறுக்கி, முட்டையும் மரக்கறியும் குழம்பும் சேர்த்துக் கொத்தும் அவ்வுணவை இன்று சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாங்கில் அமர்ந்து உண்கின்றனர். இது போற்றத்தக்க நன்மை. ஆனால், பிறர் விளைத்த தானியத்தில் நம் உலை கொதிப்பதன் ஆபத்தை 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி உணர்த்திற்று. அந்நியச் செலாவணி அற்றுப்போனதும் பாணின் விலை ஏழைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

அண்மையில் நாம் கற்பிக்கும் வகுப்பில், காலையில் உண்டது யாதென மாணாக்கரை வினவினோம். “பிஸ்கட்”, “நூடில்ஸ்”, “ரோல்ஸ்” என்றே பெரும்பாலோர் விடையிறுத்தனர். ஒரு சிறுமி மட்டும் தலைகுனிந்து நின்றாள். அவளுடைய தாய் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க இருள் பிரியுமுன்னே புறப்பட்டுவிடுவாளாம்; தந்தை கொடுக்கும் காசுக்குக் கடையில் ஏதேனும் வாங்கி உண்பாளாம். “வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது எப்போது?” என்றோம். “போயா நாளில், சேர்,” என்றாள்.

அவ்விடை நம்மை வெகுநேரம் வருத்தியது. பாட்டிக்குப் பிரட்டு, பேத்தியின் தாய்க்குப் பேருந்து. கடிகாரம் மாறவில்லை. ஆனால் பாட்டி சுட்ட ரொட்டியில் வீட்டாரின் கை இருந்தது. இன்று அதுவும் கடைக்காரர் வசம் சென்றுவிட்டது. மிகுந்த எண்ணெயும் உப்பும் சீனியும் அவ்வழியே உடலுள் புகுகின்றன. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவை உணர்த்தச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறிகளை அரசாங்கம் 2016இல் கட்டாயமாக்கியது. அக்குறியைக் காணும் பழக்கமேனும் நம்மிடம் உண்டா?

இதற்காகத் தாய்மாரைக் குறை கூறுதல் அறமன்று. அடுப்படி பெண்ணுக்கு மட்டுமே உரியதென்ற வழக்கத்தை ஆடவர் கைவிட வேண்டும். இரவே ஊறவைத்த கடலையையோ பயற்றையோ காலையில் அவித்தெடுக்கத் தந்தையரால் இயலாதா? அவித்த மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் நம் மண்ணின் அவசர உணவுகள் அல்லவா?

கொத்து ரொட்டியின் தாளம் ஒலிக்கட்டும். எப்போதாவது ஒரு மாலை குடும்பத்தோடு சென்று உண்டு மகிழ்வதில் தவறில்லை. ஆனால், நாளொன்றுக்கு ஒரு வேளையேனும் வீட்டார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்ண வழி காண்போமாக. அச்சிறுமி போயா நாளுக்காகக் காத்திருக்கலாகாது.