மண்ணில் ஈரம், செடிக்குத் தாகம்

"மேல ஈரமாத்தான் கீது சார். செடிதான் வாடிக்கினே போவுது" என்றார் தோட்டக்காரர். மணலியை ஒட்டிய ஒரு தொழிற்சாலை. மதில் ஓரமாக வேம்பும் புங்கையும் வரிசையாக நட்டு, ஒரு சாண் ஆழத்தில் சொட்டுநீர்க் குழாயைப் புதைத்திருக்கிறார்கள். வாடுகிறதே என்று இரண்டு வாரமாக மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட விட்டிருக்கிறார். வாட்டம் குறையவில்லை.

உட்கார்ந்து பார்த்தேன். ஈரத் திட்டின் விளிம்பில், கோலமாவு சிந்தியதுபோல் வெள்ளைக் கோடு. உப்பு.

வடசென்னைக்கு இது பழைய கதை. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளிலிருந்து நகரத்துக்கு ஆண்டுக்கணக்காக இறைத்ததில் மீஞ்சூர்ப் பக்கம் கடல் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் வந்தது. மணலி, எண்ணூர் ஆலைகளுக்குக் கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். ஆனால் செடிக்கு என்று வரும்போது, பெரும்பாலும் கைக்கெட்டும் போர் தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீரில் உள்ள உப்பு, ஈரம் பரவும் எல்லை வரை சேர்ந்தே நகர்கிறது. நீரை வேரும் வெயிலும் எடுத்துக்கொள்ள, உப்பு மட்டும் விளிம்பில் தங்குகிறது. குழாய் மண்ணுக்குள் இருப்பதால் அதற்கு மேலே உள்ள மண்ணில்தான் உப்பு அதிகம் சேரும். மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே உப்புநீரை இன்னும் விடுகிறோம்.

எல்லா வாட்டத்துக்கும் உப்பு காரணமில்லை. புதைத்த குழாய் கண்ணுக்குத் தெரியாது என்பதால் மண்வெட்டியை எடுக்குமுன் மீட்டரைப் பாருங்கள். குழாய் புதிதாக இருந்தபோது அழுத்தம் எவ்வளவு, மணிக்கு எத்தனை லிட்டர் என்று எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. நீர் அதிகம் ஓடி அழுத்தம் விழுந்தால் எங்கோ எலி கடித்திருக்கிறது, அல்லது கடப்பாரை பட்டிருக்கிறது. நீர் குறைந்து அழுத்தம் ஏறினால் சொட்டுவான்கள் அடைத்திருக்கின்றன. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தில் வித்தியாசம் கூடினால் முதலில் அதைக் கழுவுங்கள்.

அந்த வரிசையில் மீட்டர் சரியாகவே காட்டியது. கடைசி முனையைத் திறந்தபோதுதான் சேறு கலந்து வந்தது. மோட்டார் நின்றதும் குழாயில் உள்ள நீர் பள்ளத்துக்கு வடியும். உள்ளே வெற்றிடம் உண்டாகி, சொட்டுவான் துளை வழியே சுற்றியுள்ள சேற்றை உறிஞ்சும். மேடான இடத்தில் ஒரு காற்று வால்வு இருந்தால் இது நடக்காது. பதித்தவர்கள் அதை வைக்கவே இல்லை. சில நூறு ரூபாய்ச் சாமானுக்காக ஒரு தோப்பையே பணயம் வைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

தண்ணீர் தெளியும்வரை முனைகளைத் திறந்துவிட்டோம். பாசிக்குக் குளோரின், சுண்ணாம்புப் படிவுக்கு ஆசிட் என்பது வழக்கம். இரண்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

மண்ணையும் பாருங்கள். எண்ணூர்க் கடலோர மணலில் நீர் நேரே கீழே இறங்கிவிடும். ஆழமாகப் புதைத்தால் கன்றின் வேருக்கு எட்டாது. களிமண்ணில் சொட்டு வேகம் மிஞ்சினால் நீர் மேலே பொங்கிவரும். மேலே தெரியும் ஈரத்தை மட்டும் நம்பாமல், வேர் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து உருட்டிப் பார்க்க வேண்டும்.

கிளம்பும் நேரத்தில் ஐப்பசி மேகம் திரண்டு, தூறல் விழத் தொடங்கியது. தோட்டக்காரர் மோட்டாரை நிறுத்தப் போனார். வேண்டாம் என்றேன். மேலே பூத்திருக்கும் உப்பைக் கரைத்து வேர்மேல் இறக்கத் தூறலே போதும். அந்த உப்பை வேரைத் தாண்டிக் கீழே விரட்டும் அளவுக்கு அடைமழை வரும்வரை சொட்டுநீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

"மழைல மோட்டாரா சார்?" என்று ஒரு கணம் நின்றார். அப்புறம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, சுவிட்சைத் தொடாமல் திரும்பி வந்தார்.