நானூறு ஏக்கருக்காக நின்ற மாணவர்கள்

ஹைதராபாத் கச்சிபௌலியில், மத்தியப் பல்கலைக் கழகத்தை ஒட்டி 400 ஏக்கர் காட்டு நிலம். பாறையும் புதரும் குளமுமாக, மானும் மயிலும் திரியும் இடம். 1974-ல் தொடங்கிய தங்கள் பல்கலைக் கழகத்துக்கே அது சேர வேண்டும் என்பது மாணவர்கள் வாதம்.

2025 மார்ச் 30, யுகாதித் திருநாள். ஊர் பண்டிகையில் இருக்க, புல்டோசர்கள் உள்ளே புகுந்தன. ஓடிவந்து மறித்த மாணவ மாணவிகளில் ஐம்பதுக்கு மேற்பட்டோரைப் போலீசார் பிடித்துச் சென்றனர். மற்றவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். இரவிலும் விளக்கு போட்டு மரங்களைச் சாய்த்தார்கள். மயில்கள் அலறும் படம் நாடெங்கும் பரவியது. (கூடவே சில போலிப் படங்களும் பரவின. அவற்றால் மாணவர்களுக்கு நன்மை இல்லை.)

நிலம் அரசுடையது, தொழில்கள் வந்தால் 5 லட்சம் பேருக்கு வேலை என்றது மாநில அரசு. பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்தவர்கள் லேசாகத் தள்ளிவிடக் கூடிய பேச்சல்ல அது. ஆனால் இத்தனை அவசரம் எதற்கு?

ஏப்ரல் 3-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதைத்தான் கேட்டது. மரம் வெட்டத் தடை விதித்தது. அதற்குள் சுமார் 100 ஏக்கர் மொட்டையாகிவிட்டது. அதை மீண்டும் காடாக்கத் திட்டம் தரும்படி ஏப்ரல் 16-ல் உத்தரவிட்டது. மறுத்தால் அதிகாரிகளுக்கு அந்தக் குளக்கரையிலேயே தற்காலிகச் சிறை என்றும் எச்சரித்தது.