ஒத்துக்கலைன்னா, எது ஒத்துக்கலை?

"சிரிப்பே வர மாட்டேங்குதும்மா."

எங்கள் உறவில் எட்டு வயதுப் பையன் ஒருவன், கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று அலைய வைக்கும் ஏ.டி.எச்.டி.க்கு மாத்திரை போட ஆரம்பித்த இரண்டாம் வாரம் தன் அம்மாவிடம் சொன்னது இது. அதே வாரம்தான் வகுப்பாசிரியை பள்ளி டைரியில் நல்ல சேதி எழுதி அனுப்பியிருந்தார்: பையன் இப்போதெல்லாம் இடத்தை விட்டு எழுந்திருப்பதே இல்லையாம். டிபன் பாக்ஸ் மட்டும் போன மாதிரியே திரும்பி வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு, ஷூ கயிற்றில் விழுந்த முடிச்சு அவிழவில்லை என்று அரை மணி நேரம் தேம்பித் தேம்பி அழுகை. "இந்த மருந்து இவனுக்கு ஒத்துக்கலைடி, நிறுத்திடு" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பாட்டி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவன் கைக்குழந்தையிலிருந்தே அப்படி. சளி மருந்து ஒரு மூடி குடித்தால் நாளெல்லாம் தூங்குவான். சட்டைக் காலரில் லேபிள் உரசினால் கழற்றி எறிந்துவிடுவான். ஆனால் 'ஒத்துக்கலை' என்பது ஒரே சொல்லாக இருந்தாலும் அதற்குள் பல சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒத்துக்கொள்ளாதது மருந்தா, அதன் அளவா, அது உடம்பில் ஏறி இறங்குகிற வேகமா? இதைப் பிரித்துப் பார்க்காமல் நல்ல மருந்தைக் கைவிட்டவர்களும் உண்டு, ஒவ்வாத மருந்தை மாதக்கணக்கில் கட்டிக்கொண்டு அழுதவர்களும் உண்டு.

இந்த மருந்துகளின் கதை தற்செயலாகத் தொடங்கியது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் குழந்தைகளுக்கான மனநல விடுதி ஒன்றை நடத்திவந்தார் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர். மூளையை எக்ஸ்ரேயில் பார்ப்பதற்காகத் தண்டுவட நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்துகிற காலம் அது. பரிசோதனை முடிந்த பிள்ளைகளுக்குத் தலைவலி உயிரை வாங்கும். அதற்காக பென்செட்ரின் என்ற அம்ஃபெடமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகத் தீரவில்லை, ஆனால் சில பிள்ளைகள் மளமளவென்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள். பிறகு 30 குழந்தைகளுக்கு முறையாகக் கொடுத்துப் பார்த்து 1937-இல் கட்டுரை வெளியிட்டார். அவர்களில் 14 பேர் படிப்பில் வியக்கும்படி முன்னேறினார்கள். பாதிப் பேர் உணர்ச்சியில் அடங்கிப்போனார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் கொதித்தெழும் பிள்ளைகள் என்பதால் அவருக்கு அந்த அடக்கம் பெரும்பாலும் நன்மையாகவே பட்டது. எங்கள் பையனின் 'சிரிப்பு வரலை'க்கு வயது கிட்டத்தட்ட 90 ஆண்டு என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இன்று உலகெங்கும் குழந்தைகளுக்கு முதலில் எழுதித் தரப்படுவது பெரும்பாலும் மெத்தில்ஃபெனிடேட். 1944-இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிஸோன் என்ற வேதியியலாளர் இதைத் தயாரித்தார். மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. மருந்து ரிட்டலின் ஆயிற்று.

இது மூளையின் முன்பகுதியில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் வேகமாகத் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. கவனத்தைப் பிடித்து வைப்பதும் அவசரத்தை அடக்குவதும் அந்தப் பகுதியின் வேலை. பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் காற்றடித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். காற்று குறைந்தால் மேன்டில் சிவந்து மங்கும். இன்னும் நாலு அடி அடித்தால் பளீரென்று வெளிச்சம். அதற்கு மேலும் அடித்தால் சீறும், குபீரென்று தீ எழும்பும். டோபமினும் அப்படித்தான்: குறைந்தாலும் கெடுதி, கூடினாலும் கெடுதி. கூடிப்போன குழந்தை ஓடாது, ஆடாது. ஒரே பொருளை வெறித்தபடி, வாயடைத்து உட்கார்ந்திருக்கும். வகுப்பறையில் இருந்து பார்ப்பவருக்கு அது நல்ல பிள்ளையாகத் தெரியும்.

1977-இல் சயின்ஸ் இதழில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்ப்ரேக், எஸ்தர் ஸ்லீட்டர் இருவரும் எழுதிய கட்டுரையைத்தான் இந்த விஷயத்தில் முதலில் படிக்க வேண்டும் என்பேன். குழந்தைகளுக்குப் படங்களைக் காட்டி நினைவைச் சோதித்தார்கள். எடையில் கிலோவுக்கு 0.3 மி.கி. கொடுத்தபோது நினைவு உச்சத்தில் இருந்தது. கிலோவுக்கு 1 மி.கி. கொடுத்தபோது சரிந்தது. ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பெண்ணோ நேர்மாறு: பெரிய அளவில்தான் பிள்ளைகள் மிக நன்றாக நடந்துகொண்டதாகச் சொன்னார்கள். 22 கிலோ எடையுள்ள பையனுக்குக் கணக்குப் போட்டால் ஒன்று ஏறத்தாழ ஆறரை மி.கி., இன்னொன்று 22 மி.கி. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்தப் பிளவு இவ்வளவு கூர்மையாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்தக் கட்டுரை எழுப்பிய கேள்வி அப்படியே இருக்கிறது: அளவு சரியா என்று யாரைக் கேட்டு முடிவுசெய்வது?

இன்னொன்று. எடையை வைத்து மட்டும் சரியான அளவைச் சொல்லிவிட முடியாது. மெத்தில்ஃபெனிடேட்டை உடைப்பது கல்லீரலில் இருக்கும் சி.ஈ.எஸ்.1 என்ற நொதி. சிலருக்கு அந்த நொதியின் மரபணுவில் சிறு மாற்றம் இருக்கும். அவர்கள் உடம்பில் மருந்து மெதுவாக உடையும், குறைந்த அளவே போதும். ஒரே வகுப்பில், ஒரே எடையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு 5 மி.கி. போதும், இன்னொருவனுக்கு 15 வேண்டியிருக்கும். அதனால்தான் நிதானமான மருத்துவர்கள் சின்ன அளவில் தொடங்கி, வாரம் ஒரு படியாக ஏற்றுகிறார்கள். தொட்டாற்சிணுங்கிப் பிள்ளை என்றால் 2.5 மி.கி.யில்கூடத் தொடங்குவதுண்டு.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். இங்கேதான் வீட்டில் இருப்பவர்களுக்கு வேலை. சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை மூன்று நான்கு மணி நேரம்தான் நிற்கும். காலை ஏழரைக்குப் போட்டால் எட்டரையிலிருந்து பத்து வரை ஏற்றம், பதினொன்றரைக்குள் இறக்கம். பிள்ளை ஏற்றத்தின்போது மந்தமாக, சிரிக்காமல், நகத்தைப் பிய்த்துக்கொண்டு இருந்தால் அளவு கூடிவிட்டது என்று சந்தேகிக்கலாம். இறங்கும் வேளையில் எரிச்சலும் அழுகையும் வந்தால் அது அளவு கூடியதால் அல்ல, மருந்து சட்டென்று விட்டுப்போனதால். முன்னதற்குக் குறைக்க வேண்டும். பின்னதற்கு இறக்கத்தைச் சரிவாக்க வேண்டும்: மெல்லக் கரையும் நீள்வகை மாத்திரைக்கு மாறுவது, அல்லது இறங்கும் முன் ஒரு துளி அளவு சேர்ப்பது. இரண்டையும் 'எரிச்சலா இருக்கான்' என்ற ஒரே வாக்கியத்தில் மருத்துவரிடம் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?

நீள்வகை மாத்திரைகள் 8 முதல் 12 மணி நேரம் நிற்கும். ஏற்ற இறக்கம் சீராக இருக்கும். ஆனால் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தத் தொல்லையும் ராத்திரி வரை நிற்கும். அதனால் மென்மையான பிள்ளைக்குக் குறுகிய வகையில் தொடங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். மதியத்துக்குள் போய்விடும், தப்பானால் பெரிய நஷ்டமில்லை. விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு நீள்வகை மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

பசி குறைவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு வரும். மாத்திரைக்கு முன்பே இட்லியோ பொங்கலோ வயிறாரக் கொடுத்துவிட வேண்டும். மதியம் சாப்பிடவில்லை என்று அடிக்காமல், ராத்திரி எட்டு மணிக்கு அகோரப் பசி வரும்போது தயங்காமல் சாப்பாடு போட வேண்டும். வருடக்கணக்கில் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு உயரத்தில் ஓரிரு சென்டிமீட்டர் குறையலாம். எடையும் உயரமும், நாடியும் ரத்த அழுத்தமும் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாராவது சிறு வயதில் திடீரென்று இதயம் நின்று இறந்திருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சில பிள்ளைகளுக்கு மெய்யாகவே மருந்துதான் ஒத்துக்கொள்வதில்லை. ஆட்டிசமும் சேர்ந்துள்ள குழந்தைகளிடம் இது அதிகம். அமெரிக்காவில் அப்படிப்பட்ட 72 குழந்தைகளிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில் பாதிப்பேருக்குத்தான் மெத்தில்ஃபெனிடேட் பலன் தந்தது. 18 சதவீதத்தினர் பக்கவிளைவால் நிறுத்தினார்கள், பெரும்பாலும் எரிச்சலால். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் எளிதில் அழுது சிணுங்குகிறார்கள். அதனால்தான் அந்த வயதில் மருந்துக்கு முன் பெற்றோருக்கான பயிற்சியைப் பரிந்துரைக்கிறார்கள்.

மேலைநாடுகளில் அடுத்த படி அம்ஃபெடமின் வகை. ஒன்று பலிக்காதவர்களில் கணிசமானோருக்கு மற்றது பலிக்கிறது. இந்தியாவில் அம்ஃபெடமின் வகை புழக்கத்தில் இல்லாததால் இங்கே அடுத்து வருவது அடமாக்ஸெட்டின். அவசரக்காரர்களுக்கு இது ஆகாது. முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆனால் ஏற்றம் இறக்கம் கிடையாது. குமட்டலும் தூக்கமும் வரும். மனச்சோர்வோ வேண்டாத எண்ணமோ தலைகாட்டுகிறதா என்று முதல் மாதங்களில் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும். இதை உடைப்பது சி.ஒய்.பி.2டி6 என்ற வேறொரு நொதி. ஐரோப்பிய வம்சாவளியினரில் 100-க்கு 7 பேருக்கு அது வேலை செய்வதில்லை. நம்மிடையே அதைவிடக் குறைவு. அப்படிப்பட்டவர்கள் உடம்பில் அதே மாத்திரை பத்து மடங்குவரை தேங்கும்.

குளோனிடின் மூன்றாவது. ரத்த அழுத்தத்துக்கு வந்த பழைய மருந்து. படபடப்பும் தூக்கமின்மையும் உள்ள பிள்ளைகளுக்கு இதமாக இருக்கும், பகலிலும் தூக்கம் வரும். தீர்ந்துபோச்சு என்று ஒரே நாளில் நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும்.

மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் இருக்கிறது. மருந்துச்சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்காது. தீர ஒரு வாரம் இருக்கும்போதே அலைய ஆரம்பிப்பது நல்லது.

எங்கள் பையனின் அம்மா பாட்டி சொன்னபடி நிறுத்தவில்லை. கணக்கு நோட்டு ஒன்றில் பத்து நாள் எழுதினாள்: மாத்திரை போட்ட மணி, சாப்பிட்டது, அழுத மணி, தூங்கிய மணி. மருத்துவர் அதைப் புரட்டிவிட்டு, வேளைக்கு 10 மி.கி. என்றிருந்ததை 5 ஆக்கினார். மூன்றரை மணிக்கு அரை மாத்திரை, 2.5 மி.கி., சேர்த்தார். ஷூ கயிற்று அழுகை நின்றது. டிபன் பாக்ஸில் இன்னும் பாதி இட்லி மிச்சம் வருகிறது. மறுபடியும் பக்கத்துப் பையனோடு பேச ஆரம்பித்துவிட்டான் என்று ஆசிரியை சலித்துக்கொள்கிறார். பாடம் எழுதுகிறானா என்று கேட்டால், எழுதுகிறானாம்.

அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நோட்டுப் போடுங்கள். அதில் ஒரு பத்தியைப் பிள்ளைக்கென்று விட்டுவைத்து, அவன் சொல்வதை அவன் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.