காவடிச் சிந்து பிறந்த கதை

தைப்பூசத் திருநாளன்று பத்துமலையின் 272 படிகளிலும், சிங்கப்பூர் டேங்க் ரோடு அருள்மிகு தெண்டாயுதபாணி ஆலயத்தை நோக்கிச் செல்லும் வீதிகளிலும் காவடிகள் அசைந்தாடி வரும் காட்சி கண்கொள்ளாக் காட்சியாகும். காவடி என்றதும் உடன் நினைவுக்கு வருவது காவடிச் சிந்து. அதன் மெட்டை அறியாத தமிழர் அரியர். ஆயினும் அதன் சொற்களுக்குப் பின்னே ஓர் இளங்கவிஞரின் குறுகிய வாழ்வும், ஈராயிரம் ஆண்டு இலக்கிய மரபும் மறைந்திருப்பதை அறிந்தோர் சிலரே.

‘கா’ என்பது தோளில் சுமை தாங்கும் தண்டினைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். சங்க காலப் பாணர் தம் இசைக்கருவிகளைக் காவிலே கட்டித் தோளில் சுமந்து ஊர் ஊராய்ச் சென்றனர் என்பதைப் பழம்பாடல்களால் அறிகிறோம். சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தண்டின் இருபுறமும் கட்டிச் சுமந்து வந்த இடும்பன், பழநியில் முருகனால் ஆட்கொள்ளப்பட்ட புராணச் செய்தி அந்தத் தண்டினை வழிபாட்டுப் பொருளாக்கிற்று.

சுமை இருந்தால் நடை உண்டு. நடை இருந்தால் பாட்டும் உண்டு. முருகனிடம் செல்ல வழிகாட்டும் நக்கீரரின் திருமுருகாற்றுப்படை தொட்டே, பயணமும் பக்தியும் தமிழில் கைகோத்து வந்துள்ளன. நாட்டுப்புற மக்களோ நெடுவழி நடக்கும் களைப்புத் தீர வழிநடைச் சிந்து பாடினர். அளவொத்த இரண்டு அடிகளால் இயல்வது சிந்து. அதன் மும்மை நடையிலே ‘தகிட தகிட’ என்னும் தாளம் துள்ளி எழும்போது, கால்கள் தாமே எழுந்து ஆடும்.

இந்த எளிய பாவகையை இலக்கிய அரியணையில் ஏற்றியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். திருநெல்வேலிச் சீமையில், சங்கரன்கோயிலுக்கு அருகிலுள்ள சிற்றூரில் 1865ஆம் ஆண்டு பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரிடமும், தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரிடமும் பாடம் கேட்டவர். கோமதி அந்தாதி, சங்கரன்கோயில் திரிபந்தாதி போன்ற அரிய நூல்களை இயற்றியவர். அடிதோறும் முதலெழுத்து மட்டும் திரிந்து, ஏனைய எழுத்துகள் ஒன்றிவரப் பாடும் திரிபந்தாதி, கற்றோர் மட்டுமே சுவைக்கத் தக்கது. அத்தகைய புலமை வாய்ந்த ஒருவர், வழிநடையில் பாமரர் பாடும் சிந்தினைக் கையில் எடுத்தமை எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் அவரைத் தம் அவைப் புலவராக ஏற்று ஆதரித்தார். முருக பக்தரான அவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, வழிநடையில் பாடுவதற்கென எழுந்தவையே இப்பாடல்கள் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. ஆகவேதான் பாட்டுடைத் தலைவன் பழநியாண்டவனாக அன்றிக் கழுகுமலைக் கந்தனாக விளங்குகின்றான். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் ஒரே பாறையில் குடைந்து, முற்றுப்பெறாது விட்ட வெட்டுவான் கோயிலும், சமணச் சிற்பங்களும் நிறைந்த மலை அது. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலமும் அதுவே.

அருணகிரியாரின் தொடர்பை ரெட்டியார் மறக்கவில்லை. அடியார்கள் கூடி ஓதும் திருப்புகழ் முழக்கம் விண்ணுலகத் தேவர்தம் செவிகளையே அடைக்கச் செய்வதாகக் கற்பனை செய்கிறார். திருப்புகழின் சந்தமும் நாட்டுப்புறத்தின் துள்ளலும் ஒன்று கலந்ததே காவடிச் சிந்து என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. கோயில் வளமும், நகர் வளமும் பாடுவதோடு, முருகன்மேல் காதல் கொண்ட தலைவியின் ஏக்கத்தையும் பாடுவதால், சங்க அகத்திணை மரபும் இதனுள் புகுந்துவிடுகிறது. பாடலின் இடையே தம் ஊர்ப் பெயரையும் தம் பெயரையும் முத்திரையாகப் பதித்துள்ளார் கவிஞர்.

இவற்றுள் ஓரிடம் சிறப்பாகக் கருதத் தக்கது. தங்கக் காவடி தோளில் ஏற்றி வருவோரைப் பாடும் ரெட்டியார், நெருப்பிற்பட்ட மெழுகென உருகி வருபவரே நற்கதி காண்பர் என முடிக்கிறார். பாடுவித்தவர் ஒரு ஜமீன்தார். எனினும் கதி பொன்னுக்கன்று, உருகும் நெஞ்சுக்கே என்று புலவர் கூறிவிட்டார். அரண்மனைக் காவடிக்கு எழுந்த பாட்டு ஏழை எளியவரின் காவடிக்கும் உரியதாயிற்று எனில், அதன் காரணம் இவ்வொரு கருத்திலேயே அடங்கியிருக்கிறது.

ரெட்டியார் 1891ஆம் ஆண்டு, இருபத்தாறாம் வயதில் மறைந்தார். அவர் மறைந்தபோது, எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியார் ஒன்பது வயதையும் எட்டாத சிறுவர். பிற்காலத்தில் பாஞ்சாலி சபதத்தைப் பெரும்பகுதி சிந்து நடையிலேயே அவர் பாடியபோது, தெற்குச் சீமையின் வழிநடைப் பாட்டு காப்பியத்தின் குரலாகவும் உயர்ந்தது.

பத்துமலையில் தைப்பூச வழிபாடு தொடங்கிய 1892ஆம் ஆண்டு, அக்கவிஞர் மறைந்த மறு ஆண்டேயாகும். இங்குக் கடல் கடந்து வந்த தமிழர் தோளில் காவடியையும் நாவில் சிந்தையும் சுமந்தனர். காவடி இன்று ஆண்டுக்கு ஆண்டு உயரமும் ஒளியும் பெற்று வளர்கிறது. சிந்தின் மெட்டு மட்டும் எஞ்சி, சொல் நழுவிவிடுமாயின் இழப்பு நமதே. காவடிக்கு முன் பாடிச் செல்லும் இளைஞர்கள் அப்பாடல்களின் பொருளையும் உணர்ந்து பாடுவார்களாயின், சென்னிகுளத்துக் கவிஞர் வேண்டிய அந்த மெழுகின் உருக்கம் கேட்போர் நெஞ்சிலும் உண்டாகும் என்பது திண்ணம்.