அடுத்த அடி எங்கே விழும்?

கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போகும் சாலையில் காடாம்புலியூர் இருக்கிறது. சுற்றிலும் முந்திரிக்காடு, இடையிடையே பலாத்தோப்பு. இந்த வட்டாரத்துப் பலாப்பழத்தின் சுவை ஊரறிந்தது. மரத்தின் அருமை தெரிந்தவர்கள் வாத்தியம் செய்பவர்கள். முற்றி வைரம் பாய்ந்த பலா மரம் இங்கிருந்து தஞ்சாவூருக்குப் போய் வீணையாகிறது. குடைந்தெடுத்த கட்டை மிருதங்கமாகவும் தவிலாகவும் ஆகிறது. மரமும் தோலும் சேர்ந்து ஓசை தரும். ஆனால் அந்த ஓசையைக் கேட்டதும் நம் கால் ஏன் தானாக அசைகிறது? அசைகிற கால் அடுத்த அடி விழும் நேரத்தை எப்படி முன்கூட்டியே அறிந்துகொள்கிறது?

முதலில் ஓசையைப் பார்ப்போம். வட்டமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் ஓர் அதிர்வு மட்டும் எழுவதில்லை. பல அதிர்வுகள் ஒன்றாக எழுகின்றன. வெறும் தோலில் அவற்றின் விகிதம் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒழுங்கில்லாமல் போகும். இவை ஒன்றோடொன்று இசையாததால் நிலையான சுருதி பிறப்பதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையோ பாடகரின் சுருதியோடு சேர்ந்து ஒலிக்கிறது. சர் சி. வி. ராமன் இதற்கான காரணத்தைத் தேடினார். 1920இல் 'நேச்சர்' இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதினார். 1930களில் மீண்டும் விரிவாக ஆராய்ந்தார். காரணம், நடுவிலுள்ள கருப்பு வட்டம்: சாதமும் கல்பொடியும் பிசைந்து, பூச்சின் மேல் பூச்சாகத் தேய்த்து ஏற்றிய கரணை. அந்தக் கூடுதல் எடை தோலின் அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இயற்பியல் இதை விளக்குவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே, தோலைத் தொழிலாகக் கொண்ட கைவினைஞர்கள் காதாலும் விரலாலும் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பறைக்குக் கரணை கிடையாது. அதன் பலம் வேறு. வாசிப்பதற்கு முன் பறையைத் தீயில் காய்ச்சுவார்கள். தோலிலுள்ள ஈரம் வற்றி இழுவிசை கூடும், ஓசை கூர்மையாகும். ஒவ்வோர் அடியும் சட்டென எழுந்து சட்டென அடங்குவதால், அடுத்தடுத்த அடிகள் ஒன்றோடொன்று கலவாமல் தெருக்கோடி வரை தெளிவாகக் கேட்கும். கூட்டமாக ஆடுகிறவர்களுக்கு வேண்டியது இந்தத் தெளிவுதான்.

இனி, கேட்கிறவரின் பக்கம் வருவோம். சுவர்க்கடிகாரம் எழுப்புவது ஒரே ஓசை. நாம் அதை 'டிக், டாக்' என்று இரண்டிரண்டாகப் பிரித்துக் கேட்கிறோம். அந்தப் பிரிவு கடிகாரத்தில் இல்லை, மூளை போட்டுக்கொள்வது. அடிகள் ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடிக்கும் குறைவான இடைவெளியில் வந்தால் தனித்தனியாக எண்ண முடியாது. இடைவெளி இரண்டு வினாடியைத் தாண்டினால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உறவே தெரியாது. நமக்கு மிக இயல்பாகப் படுவது சுமார் அரை வினாடி இடைவெளி. வேகமாக நடக்கும்போது கால் விழும் அளவு அது. தாளத்தைக் கேட்கும்போது, அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், உடலசைவை ஆளும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. தாளம் கேட்பதே ஒருவகையில் அசைவதுதான்.

அடுத்த அடியை எதிர்பார்க்கும் இந்தத் திறன் பிறவியிலேயே வருகிறது. ஹங்கேரியில் இஸ்த்வான் விங்க்லர் குழுவினர், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளுக்குத் தூக்கத்தில் முரசொலியைக் கேட்கவைத்தார்கள். இடையே தாளத்தின் முதல் அடியை மட்டும் விட்டுவிட்டார்கள். வரவேண்டிய அடி வராததைக் குழந்தைகளின் மூளை கண்டுகொண்டதை மின்பதிவு காட்டியது. 2009இல் வெளியான ஆய்வு இது. அதே ஆண்டு, ஸ்னோபால் என்னும் கொண்டைக்கிளி பாட்டின் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதற்கேற்பத் தலையாட்டுவதை அனிருத் படேல் குழுவினர் மெய்ப்பித்தார்கள். நமக்கு நெருங்கிய உறவான குரங்குகளுக்கு இது எளிதில் கைவருவதில்லை.

திறன் பொதுவானது, ஆனால் எந்தக் கணக்கு இயல்பாகப் படும் என்பதை வளரும் ஊர் முடிவு செய்கிறது. மேற்கத்திய வெகுசன இசையில் பெரும்பகுதி நான்கில் ஓடும்; வால்ட்ஸ் நடனம் மூன்றில் சுழலும். பல்கேரியாவிலும் மாசிடோனியாவிலும் கிராமத்து நடனங்கள் ஏழில் துள்ளும். மேற்கு ஆப்பிரிக்க முரசுக் குழுக்களில் ஒருவர் மூன்றும் இன்னொருவர் இரண்டுமாக ஒரே நேரத்தில் அடிப்பார்கள். அமெரிக்க ஜாஸில் 1959இல் வந்த 'டேக் ஃபைவ்' என்னும் இசைத்துண்டு, ஐந்தின் கணக்கில் அமைந்ததாலேயே புதுமையாகப் பேசப்பட்டது. நமக்கு ஐந்து கண்டச் சாப்பு; ஏழு மிஸ்ரச் சாப்பு. அருணகிரிநாதரின் திருப்புகழ் 15ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கணக்குகளை நாவில் ஏற்றிவிட்டது.

எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரெஹப் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வுகள் இங்கே முக்கியமானவை. வட அமெரிக்காவில் வளர்ந்த பெரியவர்களால் பால்கன் நாட்டுத் தாளத்தில் ஏற்பட்ட பிசகைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறு மாதக் குழந்தைகள் கண்டுபிடித்தார்கள். ஒரு வயதுக்குள் அந்தத் திறன் மங்கத் தொடங்கியது. ஆனால் அந்த இசையைச் இரண்டு வாரம் கேட்கவைத்ததும் ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் திரும்பி வந்தது. பிறக்கும்போது எல்லாத் தாளமும் நமக்குத் திறந்தே இருக்கிறது. கேட்காத தாளத்தின் கதவு மெல்ல மூடிக்கொள்கிறது.

நம் தாள முறையின் ஆழம் அடுத்த அடிக்கான காத்திருப்பில்தான் இருக்கிறது. ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நான்காகப் பகுத்தால் ஒரு சுற்றுக்கு, அதாவது ஓர் ஆவர்த்தனத்துக்கு, 32 மாத்திரை. மிருதங்கக்காரர் முடிப்பு வைக்கும்போது ஒரு சொல்லை மூன்று முறை வாசிப்பார். இடையே இரண்டு இடைவெளி விடுவார். சொல்லுக்கு 6 மாத்திரை என்றால் இடைவெளி 7. 8 என்றால் 4. 10 என்றால் 1. எப்படிக் கூட்டினாலும் 32. 'ததிகிணதொம்' என்ற 5 மாத்திரைச் சொல்லை 2 மாத்திரை இடைவெளியோடு வாசித்தால் மொத்தம் 19 தான் வரும். அப்போது 13 மாத்திரையை விட்டுத் தொடங்க வேண்டும். மூன்றாவது முறை முடிந்ததும் அடுத்த சுற்றின் முதல் அடியான சமம் கச்சிதமாக வந்து நிற்கும். கணக்குத் தெரியாத ரசிகரும் அந்த இடத்தில் 'ஆஹா' என்கிறார். அவருடைய உடல் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேரோடும். இப்படிக் கோயில்களில் சுவாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் ஒலிக்கும் மல்லாரியைக் கவனித்துக் கேளுங்கள். அதற்குச் சாகித்தியம் கிடையாது; சுவரமும் தவிலின் சொற்கட்டுமே எல்லாம். தாளம் ஒரே சீராக நிற்க, அதே அமைப்பை ஒரு காலம், இரட்டிப்புக் காலம், நான்கு மடங்கு காலம் என்று ஏற்றி வாசிப்பார்கள். பொருள் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லாமல் பெருங்கூட்டத்தின் மனத்தை ஒரே புள்ளியில் நிறுத்திவிடுகிறது தாளம்.

மருத்துவமும் இதைப் பயன்படுத்துகிறது. பார்க்கின்சன் நோயால் நடை தடுமாறும் பலருக்குச் சீரான தாளத்தைக் கேட்டபடி நடக்கும்போது காலடி நீள்கிறது, வேகம் கூடுகிறது. உள்ளே தளர்ந்துபோன நேரக் கணக்குக்கு வெளியிலிருந்து வரும் தாளம் துணை நிற்கிறது.

பறையும் பம்பையும் தெருக்கூத்தின் மத்தளமும் தவிலும் ஒலிக்கும் கடலூர் மாவட்டத்தில் வளரும் பிள்ளைகள் பேறு பெற்றவர்கள். அந்தப் பேறு தானாக நிலைக்காது. சாவு வீட்டுக்கு உரியது என்று பறையை ஒதுக்காதீர்கள். கச்சேரிக்கு மட்டும் உரியது என்று மிருதங்கத்தை மேடையிலேயே நிறுத்திவிடாதீர்கள். பள்ளியில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்: தகிட, தகதிமி, தகதகிட என்று கைதட்டிச் சொல்லவையுங்கள். செலவில்லாத பாடம், கணக்கும் காதும் ஒன்றாக வளரும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்றே தொடங்கலாம்.