தறிவீட்டுக் கதைகள் – 9: காது சும்மா இருந்த தொழில்

பட்டு நெசவில் கை, கால், கண் மூன்றுக்கும் ஓய்வு கிடையாது. சும்மா இருப்பது காது ஒன்றுதான். தேவிகாபுரத்தில் எங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் கிரிக்கெட் பைத்தியம் ஆனதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அவர்களில் பாதிப்பேர் மட்டையைத் தொட்டதுகூட இல்லை.

அப்பா குழித்தறியில் உட்கார்ந்து மிதிப்பார். கோர்வைச் சேலைக்குக் கரை நாடா தனி. அதைப் போட பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் போன நேரம் போக அந்த ஆள் நான். ஆயா ராட்டினத்தில் தார் சுற்றுவாள். சுவரில் விளக்கு வைக்கும் பிறையில் டிரான்சிஸ்டர் இருக்கும்.

சேப்பாக்கம் ஆட்டங்களுக்குத் தமிழ் வர்ணனை வந்த காலத்தில் கூத்தபிரான், அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி குரல்கள் எங்களுக்கு உறவுக்காரர் குரல் போல. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆங்கில வர்ணனை ஓடினாலும் கூட்டத்தின் சத்தத்தை வைத்தே பவுண்டரியா, அவுட்டா என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பியது அப்பாதான். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்டின் கடைசி நாள். முந்தைய நாள்களிலேயே டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்திருந்தார், கபில்தேவ் 119. ஜெயிக்க 348 வேண்டும். கவாஸ்கர் 90-இல் அவுட் ஆனபோதுகூட அப்பா மிதியை நிறுத்தவில்லை. தீபாவளி ஆர்டர், முந்தி நெய்துகொண்டிருந்தோம். 331-இல் ஏழாவது விக்கெட் விழுந்ததும் பலகை அடிக்கும் சத்தம் தாறுமாறாகப் போனது.

கடைசி ஓவர், கிரெக் மாத்யூஸ். நான்கு ரன் வேண்டும், ஒரு விக்கெட் பாக்கி. ரவி சாஸ்திரி இரண்டு எடுத்து, பிறகு ஒன்று எடுத்து ஸ்கோரைச் சமன் செய்தார். எதிர்முனைக்கு வந்தவர் மனீந்தர் சிங். ஒரு பந்து தப்பினார். அடுத்த பந்து, ஐந்தாவது, காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு கையைத் தூக்கிவிட்டார்.

"இன்னாடா ஆச்சி, ஜெயிச்சாங்களா?" என்றாள் ஆயா. சத்தத்தை வைத்து அவளுக்கு விளங்காத முதல் ஆட்டம் அது.

"ரெண்டு பேரும் தோக்கல ஆயா" என்றேன்.

"அப்ப எதுக்குடா அஞ்சு நாளு?"

அதுவரை டெஸ்ட் வரலாற்றில் ஆட்டம் 'டை' ஆனது ஒரே தடவை, 1960-இல் பிரிஸ்பேனில். அந்தப் பெருமையெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தது முந்தியில் இருந்த குறை. பலகையின் அடி சமமாக விழாவிட்டால் ஊடை நெருங்கியும் விலகியும் போய் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த முதலாளி கூலியில் பிடித்தம் செய்தார். அப்பா ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார்.

டிவி வந்தது, எங்கள் கதை கெட்டது. வானொலிக்குக் காது போதும், டிவி கண்ணைக் கேட்டது. 1999 ஜனவரி 31, பாகிஸ்தானுடன் சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்ற ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. ஜெயித்த பாகிஸ்தானுக்குச் சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்தோம் என்பது உண்மை. ஆனால் நெய்த சேலைக்குத்தானே கூலி? ஓடும் தறிக்குப் பொருந்திய ரசனை வானொலியோடு போயிற்று என்பதுதான் என் கட்சி.

2020 டிசம்பரில் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்காக ஆடினார். அவருடைய அப்பா தறித் தொழிலாளி என்று பேப்பரில் படித்துக் காட்டினேன். அப்பா வேறெதுவும் கேட்கவில்லை: "கைத்தறியா, விசைத்தறியா?" விசைத்தறி என்றேன். "அப்ப அந்த வீட்ல ரேடியோவே கேட்டிருக்காது" என்றார்.

1986-இல் நீங்கள் எந்த ஊர்த் தறியில் உட்கார்ந்து அந்தக் கடைசி ஓவரைக் கேட்டீர்கள்? எழுதுங்கள். நெசவாளர் கடிதங்களுக்கு அடுத்த வாரம் இதே பக்கத்தில் இடம் உண்டு.